புதுக்கோட்டையில் வாங்கிய விசைப்பலகை

புதுக்கோட்டையில் இறங்கிய முதல் நாள் காலையிலேயே என் விசைப்பலகை சாம்பாரில் குளித்து உயிரை விட்டது.

ஓட்டலில் பரிமாறியவர் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். கடல் தாண்டி, நான் குடியிருக்கும் கிள்ளானில் சாம்பார் சின்னக் கிண்ணத்தில் அடக்க ஒடுக்கமாக வரும். இங்கே வாளியில் வருகிறது. கரண்டி உயர்ந்ததும் இலைக்கு மேலே கையை நீட்டிப் போதும் என்று மறிப்பது சாப்பிடுகிறவரின் பொறுப்பு. என்னுடைய இரண்டு கைகளும் அப்போது விசைப்பலகையின் மேல் இருந்தன. "தேங்கா சட்னியா, காரச் சட்னியா, எது வைக்க?" என்று அவர் கேட்டதை பக்கத்தில் இருந்த அக்காவுக்காகத் தட்டிக்கொண்டிருந்தேன். நான் மறிக்காததால் அவர் தாராளமாக ஊற்றினார். இட்லி நனைந்தது, இலை நிறைந்தது, மீதி விசைகளுக்குள் இறங்கியது.

"டேப்பு தப்பிச்சிருச்சுங்க" என்று அவரே ஆறுதலும் சொன்னார். உண்மைதான். டேப்லெட் பிழைத்தது. அதன் உறையோடு ஒட்டியிருந்த விசைப்பலகைதான் போய்விட்டது. அக்கா ஸ்டெல்லா மட்டும் நிதானமாக இட்லியைப் பிட்டு, "சாம்பார் ருசியா இருக்கு ரோசு, நீயும் சாப்பிடு" என்றாள்.

அக்காவுக்குக் காது கேட்காது. பிறவியில் வந்ததல்ல. ஒரு பெரிய காய்ச்சலுக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, இப்போது காதில் கருவி மாட்டினாலும் இரைச்சல் மட்டுமே மிச்சம். பேச்சு பழையபடியே இருக்கிறது, குரல்தான் தேவைக்கு மேல் ஓங்கிவிடும். அவள் கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகள் ஜெனி, கிள்ளானில் தன்னோடு வேலை பார்க்கும் சேவியரைக் கட்டிக்கொள்ள விரும்புகிறாள். சேவியரின் சொந்த ஊர், புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூர். பையன் விடுமுறையில் முன்னமே ஊருக்குப் போய்விட்டான். பெரியவர்கள் நேரில் வந்து பேசினால்தான் முறை என்று அவன் வீட்டார் சொல்லியனுப்ப, பெண்ணைப் பெற்றவளும் அவள் தங்கையுமாகக் கிளம்பி வந்தோம்.

அக்காவுக்குக் கல்யாணத்தில் ஆட்சேபம் ஒன்றும் இல்லை. அவளுடைய பயமே வேறு. காது போன நாளிலிருந்து யார் என்ன பேசினாலும் சிரித்துத் தலையாட்டும் பழக்கம் அவளுக்கு வந்துவிட்டது. புரியவில்லை என்று எத்தனை தரம்தான் ஒருவர் சொல்லிக்கொண்டிருக்க முடியும்? கணவரின் முதல் வருட நினைவுக்கு என்ன செய்வது என்று உறவினர்கள் கூடிப் பேசியபோதும் அப்படித்தான் தலையாட்டினாள். பிறகு பார்த்தால் அவளுக்குத் துளியும் பிடிக்காத ஒரு மண்டபத்தில் தடபுடல் விருந்து ஏற்பாடாகியிருந்தது. "நீதானே சரின்னே?" என்று அவளையே கேட்டார்கள்.

"இது என் பொண்ணு வாழ்க்கை. தலையாட்டிப் பொம்மையா நான் அங்க போய் உக்கார மாட்டேன். ஒரு வார்த்தை விடாம எனக்கு வேணும். தர முடியும்னா வா, இல்லன்னா நான் போகவே இல்லை" என்று கிளம்பும் முன்பே சொல்லிவிட்டாள்.

எனக்கு அதில் துளியும் சந்தேகம் இல்லை. தொலைக்காட்சித் தொடர்களுக்குத் திரையின் அடியில் ஓடும் வரிகளை எழுதுவது என் தொழில். யார் எவ்வளவு வேகமாகப் பேசினாலும் என் விரல் பின்தங்காது. கையடக்கமாக டேப்லெட், அதில் பெரிய எழுத்து, நான் தட்டத் தட்ட அக்கா படித்துக்கொள்வாள். பேச்சைத் தானே எழுத்தாக்கும் செயலி இருக்கிறதே என்று கேட்பீர்கள். அதையும் பார்த்தோம். ஒருவர் நிறுத்தி நிதானமாகப் பேசினால் சரியாக எழுதுகிறது. நாலு பேர் ஒரே நேரத்தில் பேசும் தமிழ்க் குடும்பத்தின் நடுவே வைத்தால் அதற்குக் கிறுக்குப் பிடித்துவிடுகிறது. திரையிலேயே விரலால் தட்டலாம் என்றால், திரையில் தோன்றும் விசைப்பலகை பாதி இடத்தை அடைத்துக்கொள்கிறது. அக்கா படிக்க மூன்று வரிதான் மிஞ்சும். கண்ணாடியைத் தட்டி எனக்கு வேகமும் வராது. ஆக, தனி விசைப்பலகை ஒன்று வாங்காமல் ஆவூருக்குப் போவதில் பயன் இல்லை.

கீழ ராஜ வீதியில் விசாரித்துக்கொண்டே போனோம். செல்போன் உறைகள் தோரணமாகத் தொங்கிய ஒரு கடையில், "கீபோர்டா? வாங்கக்கா, இங்கிட்டு வாங்க" என்று ஒருவர் கூப்பிட்டார். நாற்பது வயதிருக்கும், நல்ல வியாபாரி. நாங்கள் கேட்டது ஒன்று, அவர் எடுத்துப் பரப்பியது ஒரு மேசை. "எடுத்து அடிச்சுப் பாருங்க. பாக்குறதுக்குக் காசா பணமா?" என்றார்.

முதலில் எடுத்தது மூன்றாக மடிக்கும் வகை. கைப்பைக்குள் போய்விடும், பார்க்கவும் அழகு. இரண்டாவது, பாய் மாதிரிச் சுருட்டும் ரப்பர். அதில் தட்டினால் கொழுக்கட்டை மாவில் விரலை அழுத்துவது போல இருந்தது. அடுத்தது தட்டையான, சத்தமே இல்லாத ஒன்று. கடைசியாக, கீழே வண்ண விளக்கு எரியும் தடித்த பலகை. விசைக்கு விசை டக் டக் என்று அடித்தது. கணினி விளையாட்டு ஆடும் பிள்ளைகள் வாங்குவார்களாம்.

என்னிடம் ஒரு பரீட்சை உண்டு. எந்த விசைப்பலகையைத் தொட்டாலும் முதலில் 'ஞாயிறு சாயங்காலம்' என்று அடித்துப் பார்ப்பேன். நான் பழகியது தமிழ்99 முறை. அதில் ச, ஞ, ய மூன்றும் வலது ஓரத்தில், ஆங்கிலத்தின் அடைப்புக்குறிகளும் மேற்கோள் குறியும் இருக்கும் விசைகளில் உட்கார்ந்திருக்கின்றன. சின்ன விசைப்பலகை செய்கிறவர்கள் இடம் போதாவிட்டால் முதலில் கை வைப்பது அந்த ஓரத்தில்தான். ஒன்றை ஒடுக்கிவிடுவார்கள், இன்னொன்றைக் கீழ் வரிசைக்கு நாடு கடத்துவார்கள். மடிக்கும் அழகியில் 'ச' விசை அரிசிமணி அளவுக்கு இருந்தது, 'ஞ' எங்கே என்று தேட வேண்டியிருந்தது. சம்பந்தம் பேசப் போகும் இடத்தில் 'ச' இல்லாமல் என்ன செய்வது? அவளை மடித்துத் திருப்பிக் கொடுத்தேன்.

இரண்டாவது சிக்கல் கடைக்காரருக்கே புதிது. ப்ளூடூத்தில் இணைத்துவிட்டு 'அம்மா' என்று தட்டினால் ஆங்கில எழுத்து வந்தது. "தமிழ் வருமான்னு தெரியலக்கா. இங்க எல்லாரும் வாட்சப்புல வாய்சுதான் போடுறாங்க. யாரு தமிழ்ல அடிக்கிறா?" என்று அவர் பின்வாங்கினார். நான் விடவில்லை. திரை விசைப்பலகைக்கு ஒரு மொழி, வெளியிலிருந்து இணைக்கும் விசைப்பலகைக்கு வேறு மொழி என்று டேப்லெட் தனித்தனிக் கணக்கு வைத்திருக்கிறது. அமைப்புகளுக்குள் போய், இணைத்த விசைப்பலகையின் பெயரைத் தொட்டு, அதற்கும் தமிழைத் தேர்ந்தெடுத்தேன். 'அம்மா' வந்துவிட்டாள். கடைக்காரர் தன் செல்போனில் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வைத்துக்கொண்டார்.

நான் தேர்ந்தெடுத்தது சத்தமில்லாத தட்டையான பலகையை. அக்கா தேர்ந்தெடுத்தது டக் டக் பலகையை.

"நாலு பேர் பேசுற இடத்துல இது என்ன சத்தம் லா?" என்று, எங்கள் ஊர் 'லா'வையும் விடாமல், அதே பலகையில் அடித்துக் காட்டினேன். அவள் கண்ணாடி மேசையின் மேல் உள்ளங்கையை வைத்திருந்தாள். "நீ அடிக்கிறது என் கைக்குத் தெரியுது. யாரோ பேசுறாங்கன்னு எனக்குத் தெரியும், நிமிர்ந்து பார்ப்பேன். அதுல ஒண்ணுமே தெரியல" என்றாள். பிறகு, "சத்தமா இருந்தா எனக்கென்ன, கேக்கவா போகுது?" என்று கடையே அதிரச் சிரித்தாள். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார். நானும் சிரித்ததும்தான் அவர் சிரித்தார். செங்கல் கனத்தில் அந்தப் பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தோம்.

அன்று இரவுச் சாப்பாடு பரோட்டாவும் முட்டை மாஸும். அவித்த முட்டையைத் துண்டு போட்டு வெங்காய மசாலாவில் புரட்டித் தருகிறார்கள். புதுக்கோட்டைக்காரர்கள் இதைப் பற்றிப் பேசும்போது குரலில் ஒரு பெருமிதம் ஏறுகிறது. நியாயமான பெருமிதம்தான். எங்கள் ஊர் ரொட்டி சானாய் இந்தப் பரோட்டாவின் ஒன்றுவிட்ட தம்பி. தம்பி கொஞ்சம் நோஞ்சான் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வாளி கண்ணில் பட்டதும் பலகையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஒத்திகை. தெரியாதவர்கள் பேசுவதைத் தட்டிப் பழக வேண்டும், இடமும் பார்த்த மாதிரி ஆகட்டும் என்று கொடும்பாளூர் மூவர் கோயிலுக்குப் பஸ் ஏறினோம். ஏறிய கொஞ்ச நேரத்தில் டேப்லெட்டைத் திறந்தால் பக்கம் பக்கமாக 'ககககக' என்று ஓடிக்கொண்டிருந்தது. பைக்குள் வாழைப்பழச் சீப்பு விசையின் மேல் படுத்திருந்தது. விசைப்பலகையின் முதுகில் ஒரு சுவிட்சு இருக்கிறது, பைக்குள் வைக்குமுன் அதை அணைக்க வேண்டும். தனி விசைப்பலகை வாங்குகிறவர்களுக்கு இதை என் முதல் அறிவுரையாகச் சொல்வேன்.

பஸ்ஸில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. எங்களுக்கு முன்னால் இருந்த பெண், மாமியாரின் பல் வலியைப் பற்றிப் போனில் ஊருக்கே சொல்லிக்கொண்டு வந்தார். கண்டக்டர் ஒருவரிடம், "ஏண்ணே, சில்லறை இல்லேங்கிறத ஏறும்போதே சொல்லக் கூடாதா?" என்று மன்றாடினார். எல்லாவற்றையும் தட்டினேன். அக்கா படித்துப் படித்துச் சிரித்தாள். காது போன பிறகு அவள் பஸ்ஸில் சிரித்து அன்றுதான் பார்க்கிறேன். "அந்தப் பல்லைப் பிடுங்கிட்டாங்களா இல்லையா?" என்று அவள் சத்தமாகக் கேட்க, முன் இருக்கைப் பெண் திரும்பிப் பார்த்து, "இன்னும் இல்லைங்க" என்று பதிலே சொல்லிவிட்டார்.

"கொடும்பாளூரு எறங்குங்க, கொடும்பாளூரு" என்று கண்டக்டர் குரல் கொடுத்ததையும் அட்சரம் பிசகாமல் தட்டினேன். தட்டிய திருப்தியில் அடுத்த பேச்சுக்குக் காத்திருந்தேன். அக்கா அதைப் படித்து, "நம்ம இடம்தானே இது?" என்று கேட்பதற்குள் பஸ் வெகுதூரம் போய்விட்டது. நாற்கரச் சாலையோரம் இறக்கிவிட்ட கண்டக்டர், "நாங் கத்துனேனே, ஒங்களுக்குமா காது கேக்கல?" என்றார். அதைத் தட்டவில்லை, நேரம் இல்லை. வெயிலில் திரும்பி நடந்தோம். வழியில் ஒரு கடையில் எலுமிச்சை சர்பத்து கிடைத்திராவிட்டால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

மூவர் கோயில் என்று பெயர், நிற்பது இரண்டு. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் இருக்கிறது. சுற்றிலும் புல்வெளி, ஆள் நடமாட்டம் குறைவு. கல்லில் செதுக்கியவனுக்கு அவசரம் என்பதே இருந்ததில்லை என்று தோன்றியது. காவலுக்கு இருந்தவர் எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்து, கேட்காமலே சுற்றிக் காட்டினார். வெயிலில் திரை கண்ணாடியாகிவிட்டது, அக்காவுக்குத் தன் முகம்தான் தெரிந்தது. குடையை விரித்து அதன் நிழலுக்குள் டேப்லெட்டை வைத்தோம். அடித்தளக் கல்லில் பலகையை வைத்து நான் தட்ட ஆரம்பித்தேன்.

அவர் நெடுநேரம் பேசினார். எந்த மழையில் எந்தச் சுவரில் நீர் இறங்குகிறது, எந்தச் சிற்பத்தைப் பார்க்க யார் வந்து அழுதார்கள், தன் மகளுக்கு இங்கேதான் மொட்டை போடலாம் என்று நினைத்தது என்று பேச்சு எங்கெங்கோ போயிற்று. நான் வழக்கம்போல் வேலை பார்த்தேன். 'மூன்று கோயில்கள். ஒன்று இடிந்துவிட்டது. மழையில் ஒழுகும்.' என் தொழிலில் இது நல்ல வேலை. இரண்டு வரிக்கு மேல் போனால் யாரும் படிக்க மாட்டார்கள். மிச்சத்தை வடித்துக் கொட்டக் கற்றுக்கொள்ளவே எனக்கு வருடங்கள் ஆயின.

அக்கா அவர் வாயையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குடையை என் கையில் திணித்தாள்.

"அந்த மனுஷன் இவ்வளவு நேரம் பேசுறாரு. கையை ஆட்டுறாரு, சிரிக்கிறாரு, கண்ணைத் துடைக்கிறாரு. நீ ஒத்தை வரி போடுற. மிச்சத்தை யார் தின்னா?"

"முக்கியமானது வந்திருச்சு லா" என்று தட்டினேன்.

"முக்கியம் எது, முக்கியம் இல்லாதது எதுன்னு எனக்காக நீ முடிவு பண்ணாதே ரோசு. எல்லாரும் அதைத்தான் பண்றாங்க. அதுக்கு நான் காது கேக்காம வீட்டுலயே இருந்திருப்பேன்."

எனக்குக் கோபம் வந்தது. வெயிலில் நடந்து வந்த கோபமும் சேர்ந்துகொண்டது. ஆனால் அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. காவல்காரரிடம் மன்னிப்புக் கேட்டு, மகளின் மொட்டையிலிருந்து மறுபடி சொல்லச் சொன்னேன். அவருக்கு அதைவிட மகிழ்ச்சி வேறில்லை. இந்த முறை ஒரு சொல் விடவில்லை. விரல் வலித்தது, அக்காவின் முகம் தெளிந்தது.

அதற்கடுத்த நாள் ஆவூர். சேவியர் காரோடு வந்து அழைத்துப் போனான். வயல்களுக்கு நடுவே போய்க்கொண்டிருக்கும்போதே தூரத்தில் கோயில் தெரிந்துவிடுகிறது. இவ்வளவு சின்ன ஊருக்கு இவ்வளவு பெரிய மாதா கோயிலா என்று அக்கா வியந்தாள். உள்ளே போய் முழந்தாளிட்டு எழுந்தோம். அவள் என்ன வேண்டினாள் என்று கேட்கவில்லை. நான் வேண்டியது, விசைப்பலகைக்குச் சார்ஜ் நிற்க வேண்டும் என்பதுதான்.

வீட்டில் எங்களை வரவேற்றவர்கள் இருவர். சேவியரின் அம்மா தெரேஸ், தொடக்கப்பள்ளி ஆசிரியை. அப்பா இல்லாததால் பேச்சுக்குப் பெரியவராக வந்திருந்தவர் அப்பாவின் அண்ணன் அருளானந்து. வெள்ளை வேட்டி, சவரம் செய்த முகம், நாலு ஊர்ப் பஞ்சாயத்துப் பார்த்தவர் என்பது உட்கார்ந்த தோரணையிலேயே தெரிந்தது. அடுப்பங்கரையிலிருந்து நாட்டுக்கோழிக் குழம்பு வாசம் கூடத்தைத் தூக்கியது. என் வயிறு உடனே சம்மதம் சொல்லிவிட்டது. ஆனால் வந்தது காப்பியும் முறுக்கும்.

"தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் தெரேஸ். "சோறெல்லாம் ஆக்கி வச்சுருக்கு. பேசி முடியாம ஒங்களக் கை நனைக்கச் சொல்லக் கூடாது. எங்க பக்கத்து மொறை."

அக்காவுக்கும் அது தெரியும். சம்பந்தம் முடிவாகும்வரை பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் சாப்பிடக் கூடாது. சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். கடல் கடந்தும் எங்கள் அம்மா விடாமல் வைத்திருந்த வழக்கம்.

டீப்பாயின் ஒரு முனையில், தண்ணீர்ச் செம்பில் சாய்த்து, அக்காவுக்கு எதிரே டேப்லெட்டை நிறுத்தினேன். மறுமுனையில் விசைப்பலகை. சாம்பாரில் செத்ததற்கு இந்த வசதி இல்லை. அது உறையோடு ஒட்டியது, நானும் அக்காவும் ஒரே பொந்தில் தலையை நுழைத்த மாதிரி இருப்போம். இப்போது நான் ஓரத்தில், அவள் நடுவில். இதை நானே திட்டமிட்டதுபோல் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

டக் டக் என்று தட்டியதுதான் தாமதம், பெரியப்பாவின் முதுகு நிமிர்ந்தது. தொண்டையைச் செருமினார். "எழுதிக்கங்கம்மா. ஆவூர் கிராமம், காலஞ்சென்ற சின்னப்பன் குமாரன் சேவியர் ஆகிய எங்கள் பையனுக்கு, தங்கள் குமாரத்தி ஜெனி என்பவரை..." என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நான் அடித்து முடிக்கும்வரை காத்திருந்து, "போட்டாச்சா?" என்றார்.

"பெரியத்தான், இது என்ன ஸ்டேசனா? சும்மா பேசுங்க" என்று தெரேஸ் சிரித்தார்.

"இல்ல தெரேஸு, எழுத்துன்னு வந்துட்டா நாளைக்கி அவுக கேப்பாக, நாம கேப்போம். சுத்தமா இருக்கணும்."

டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினேன். எழுதி வைப்பதற்கல்ல, அக்காவின் காதுக்காக என்று விளக்கினேன். அவர் தன் வாக்கியத்தைத் தானே படித்துப் பார்த்து, தலையில் தட்டிக்கொண்டார். அப்புறம் பேச்சு இளகியது. பெண் எந்தப் பங்குக் கோயிலில் திருமுழுக்குப் பெற்றாள், கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் அங்கேயே இருப்பார்களா, தெரேஸைத் தனியே விட்டுவிடுவார்களா, எல்லாம் வந்தது. அக்கா ஒரு உள்ளங்கையை டீப்பாயில் வைத்துக்கொண்டு, படித்து, உடனுக்குடன் பதில் சொன்னாள். இடையில் ஒரு முறை பெரியப்பாவை மடக்கினாள்கூட. நான் நினைத்ததைவிட நன்றாக நடந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் பெரியப்பா என் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்தவில்லை. தாழ்த்தத் தேவையில்லை என்று நினைத்திருப்பார்.

"ஏம்மா, ஒங்ககிட்டக் கேக்குறேன். அக்காளுக்கு இது எப்புடி வந்துச்சு? பரம்பரையில உள்ளதா? நாளைக்கி அந்தப் புள்ளைக்கும் வந்துருச்சுன்னா? பேரம் பேத்திக்கு வந்துருச்சுன்னா? இத மட்டும் அவுகளுக்கு அடிச்சுறாதீங்க. பாவம், மனசு கஷ்டப்படும்."

வஞ்சகமாகக் கேட்கவில்லை. முகத்தில் உண்மையான இரக்கம் இருந்தது. அதனால்தான் எனக்குத் தாங்கவே இல்லை. என் விரல்கள் நின்றன. சேவியர், "பெரியப்பா" என்று எழுந்துவிட்டான். தெரேஸ் தரையைப் பார்த்தார்.

என் தொழில் அந்த நொடியிலும் வேலை செய்தது. 'பெரியப்பா உன் உடல்நலத்தை விசாரிக்கிறார்.' எவ்வளவு அழகான வரி! பொய்யும் இல்லை. அக்கா நன்றி சொல்வாள், அவர் திருப்தியடைவார், கல்யாணம் முடிவாகும், எல்லோரும் சாப்பிடலாம். ஜெனியின் முகம் கண்முன் வந்தது. இந்தக் கேள்வியில் அக்கா எழுந்து போய்விட்டால் அந்தப் பெண்ணுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

தட்டுவது நின்றதும் அக்காவின் உள்ளங்கைக்குத் தெரிந்துவிட்டது. நிமிர்ந்தாள். அவர் முகம், என் முகம், சேவியர் நின்ற நிலை, எல்லாவற்றையும் பார்த்தாள்.

"ஏன் நின்னுச்சு?" என்றாள்.

நான் முழுவதையும் அடித்தேன். பரம்பரை, பேரன் பேத்தி, 'இதை மட்டும் அவர்களுக்கு அடித்துவிடாதீர்கள்', 'பாவம்' எல்லாம். பெரியப்பாவுக்கு நான் என்ன அடிக்கிறேன் என்பது புரிந்து, முகம் கறுத்தது.

அக்கா படித்தாள். திரும்பப் படித்தாள். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடிவிடலாம் போல இருந்தது. அவள் திரையை விட்டுவிட்டு நேரே அவரைப் பார்த்தாள்.

"ஐயா, நீங்க கேட்டது தப்பில்ல. பையனைப் பெத்த வீடு, கேக்கத்தான் வேணும். நானா இருந்தாலும் கேப்பேன். ஆனா நான் இங்கதான் இருக்கேன். உங்க முன்னாலதான் உக்காந்திருக்கேன். என்னைப் பத்தி என் தங்கச்சிகிட்ட ஏன் கேக்குறீங்க?"

குரல் தெருவரைக்கும் கேட்டிருக்கும். யாரும் அவளை மெதுவாகப் பேசச் சொல்லவில்லை.

"என் பொண்ணுக்கு இது வருமா, வராதா, எனக்குத் தெரியாது. காய்ச்சல்ல போச்சுன்னுதான் டாக்டர் சொன்னாரு. அவருக்கும் நிச்சயமாத் தெரியல. வரவே வராதுன்னு நான் எழுதித் தர மாட்டேன். நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன். அவளுக்கு என்ன வந்தாலும், அவ உக்காந்திருக்கிற இடத்துல, அவளைத் தாண்டி இன்னொருத்தர்கிட்ட அவளைப் பத்திக் கேக்க மாட்டோம்னு சொல்லுங்க. அதைச் சொல்ல முடியும்னா பொண்ணு தரேன். முடியாதுன்னா இந்தக் காப்பியோட போதும்."

நான் விரலை விசைகளின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அருளானந்து பெரியப்பா எழுந்தார். போய்விடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். நாற்காலியைத் தூக்கினார். டீப்பாயைச் சுற்றி வந்து, அக்காவின் முழங்காலுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. நிறுத்தி, வாயைத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"தங்கச்சி. நாங் கேட்ட வெதம் தப்பு. இனிமே, என்னா கேக்குறதா இருந்தாலும், அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்துத்தான் கேப்போம். இந்த வீட்டுல எல்லாரும்."

அவர் 'தங்கச்சி' என்றதை நான் அடித்தேன். அடுத்த வரிக்குப் போவதற்குள் அக்கா என் பக்கம் கையை நீட்டி நிறுத்தினாள். அவர் உதட்டிலேயே அவளுக்குக் கிடைத்துவிட்டது. சேவியரைப் பார்த்தாள். அவன் வந்து அவள் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "நானும்தான் அத்தை" என்றான். அதற்கும் என் விரல் தேவைப்படவில்லை.

சின்ன வயதிலிருந்து அக்காவின் முகத்தைப் பார்த்து வருகிறேன், அன்று அதில் என்ன ஓடியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"கை எங்க கழுவறது?" என்றாள், அந்தப் பெரிய குரலில்.

தெரேஸுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும் பாய்ந்து வந்து, கைக்கு எட்டிய தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு அக்காவைக் கொல்லைப்புறம் கூட்டிப் போனார். அவரே தண்ணீர் ஊற்றுவது சன்னல் வழியே தெரிந்தது. செம்பில் சாய்ந்திருந்த டேப்லெட் டீப்பாயில் மல்லாந்து விழுந்து கிடந்தது. யாரும் அதை எடுக்கவில்லை.